பாலத்துக்கு முன்னால் எரியும் விளக்கு

கார் ரிப்பேர் தொழிலில் எனக்கு அறவே பிடிக்காத சொல் ஒன்று உண்டு: 'சில சமயம்'. சில சமயம் சத்தம் வருது, சில சமயம் இழுக்க மாட்டேங்குது, சில சமயம் லைட் எரியுது. கெட்டுப்போகிற சாமான் ஒழுங்காகக் கெட்டுப்போனால் அரைமணி நேரத்தில் கழற்றி மாற்றிவிடலாம். தெருவில் எரிந்து தொலைத்துவிட்டு, என் பட்டறைக்குள் நுழைந்ததும் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி அணைந்துவிடுகிற விளக்கோடு மல்லுக்கட்ட என்னால் ஆகாது. இருபத்தாறு வருஷமாக மெக்கானிக்காக இருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட விளக்கை என் சொந்தத் தங்கையே கொண்டுவந்து நிறுத்தினாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால், என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. பத்து வருஷப் பழைய கார். ஆனால் நான் படுத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து அவளுக்கு வாங்கிக் கொடுத்த கார். அதில் குறை என்றால் என்னையே குறை சொன்ன மாதிரி எனக்குச் சுருக்கென்றது.

முதல் தடவை ஸ்கேனரைச் செருகினேன். 'பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்' என்று ஒரு பிழை எண் காட்டியது. காற்றை அளக்கும் சென்சாரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். அந்தப் பிழை எண்ணை அழித்தேன், விளக்கு அணைந்தது. பிறகு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினேன். நான் ஓட்டிப் பார்ப்பது எப்போதும் ஒரே முறைதான்: நாலு ஜன்னலையும் இறக்கிவிடுவேன். ஏசியும் பாட்டும் போட்டுக்கொண்டு டெஸ்ட் ஓட்டம் போகிற மெக்கானிக்குகளைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஸ்கேனர் கண்டுபிடிக்கும் முன்பே மனுஷனுக்குக் காது இருந்தது. பத்து கிலோமீட்டர் போய் வந்தேன். சத்தம் சுத்தம், விளக்கு எரியவில்லை.

பத்து நாளில் மறுபடி வந்தாள். பெட்ரோல் ஃபில்டரை மாற்றினேன், எங்கேயாவது காற்று இழுக்கிறதா என்று ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டினேன், எரியவில்லை. மூன்றாவது தடவை, புகைக் குழாயில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சாரையே புதிதாகப் போட்டேன். அப்போதும் என் கையில் அது எரியவில்லை.

"நீ ஓட்டுனா எரியல, நான் ஓட்டுனாதான் எரியுது" என்றாள் தங்கை.

"ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டணும்" என்றேன். பட்டறையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

நாலாவது தடவை அவள் வந்த நேரம் சரியில்லை. மூன்று வண்டிகள் வரிசையில் நின்றன. ஒருத்தர் கிளட்ச் மாற்றக் காத்திருந்தார், எனக்குக் கையெல்லாம் கிரீஸ். "விளக்கைப் பாத்துப் பயந்துக்கிட்டே இருந்தா வண்டியே ஓட்ட முடியாது" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். மேசை இழுப்பறையில் ஒரு சின்னக் கருவி கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும். அதை எடுத்து அவள் கையில் திணித்தேன். "எரிஞ்சா ஸ்டியரிங்குக்குக் கீழ இதச் செருகு. இந்தப் பட்டன அமுக்கு. அணஞ்சிடும். ஓயாம ஓடி வராதே."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஐந்து வாரம் புகாரே இல்லை. எப்போதாவது போனில் கேட்டால், "சில சமயம் எரியுது அண்ணா, நான் பாத்துக்கறேன்" என்பாள். அந்த 'சில சமயம்' மட்டும் காதில் முள்ளாகக் குத்தும். மற்றபடி நிம்மதியாக இருந்தேன்.

அந்த வீட்டில் வேறு ஒரு பிரச்சினை ஓடிக்கொண்டிருந்தது. தங்கைக்கு ஒரே பெண், ஆறு வயது. உருண்டையாக, ஓரிடத்தில் நிற்காமல் உருளுவதால் நான் வைத்த பெயர் பட்டாணி. மாப்பிள்ளைக்கு வெளியூர் வேலை, மாதத்தில் இரண்டு நாள் வருவார். தங்கை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்க்கிறாள். காலையில் பட்டாணியைப் பின் சீட்டில் ஏற்றி, முக்கால் மணி நேரம் ஓட்டி, பள்ளியில் இறக்கிவிட்டுக் கடைக்குப் போவாள்.

பட்டாணி பள்ளிக்கூடத்தில் தூங்குகிறாள் என்று டைரியில் எழுதி அனுப்பினார்கள். முதல் வகுப்பு மணி அடிக்கும்போதே மேசையில் தலை சாய்ந்துவிடுகிறதாம். இரண்டு தடவை வாந்தி. 'இரவில் சீக்கிரம் தூங்க வைக்கவும்' என்று சிவப்பு மையில் குறிப்பு. தங்கை ஏழரைக்கே விளக்கை அணைத்துப் படுக்கவைத்தாள். போனைப் பிடுங்கினாள். காரிலிருந்து இறக்கும்போது முகத்தில் தண்ணீர் தெளித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தப் பெண் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் போடும்.

"பள்ளிக்கூடம் போகாத அன்னிக்கு மட்டும் நல்லா இருக்காளே. எல்லாம் நடிப்பு" என்றாள் தங்கை.

"உன்ன மாதிரிதான். நீயும் கணக்குப் பரீட்சைன்னா வயித்தப் பிடிச்சுக்கிட்டுப் படுப்பியே" என்று நானும் ஒத்து ஊதினேன்.

ஒரு புதன்கிழமை தங்கை போன் செய்தாள். காரை விற்றுவிடலாம் என்று இருக்கிறாளாம். கடைக்காரம்மாவின் தம்பி வாங்கிக்கொள்ளத் தயாராம். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான் பார்த்து வாங்கிய வண்டியை, நான் சரிசெய்ய முடியாத வண்டி என்று சொல்லி விற்பதா. "நாளைக்குக் காலையில நான் வர்றேன். நீ எப்பவும் ஓட்டற மாதிரி ஓட்டு. நான் பின்னால உக்காந்து பாக்கறேன். அது எரியறதா, நான் அணையறதா பாத்துடலாம்" என்றேன்.

வியாழன் காலை ஏழேகாலுக்கு அவள் வீட்டு வாசலில் நின்றேன். ஸ்கேனரின் நீள வயரை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே இழுத்து, பின் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் பட்டாணி, அவள் காலடியில் புத்தகப் பை. ஏறியதும் வழக்கப்படி ஜன்னலை இறக்கினேன்.

"ஏத்து அண்ணா. ஒரே தூசி, அவளுக்கு இருமல் வரும். எப்பவும் ஓட்டற மாதிரி ஓட்டச் சொன்னியே" என்றாள்.

வாயை மூடிக்கொண்டு ஏற்றினேன். பட்டாணி ஆடிக்கொண்டிருந்த தன் முன்பல்லை நாக்கால் தள்ளிக் காட்டினாள். இன்னும் எத்தனை நாளில் விழும் என்று பந்தயம் கேட்டாள். நான் மூன்று என்றேன், அவள் ஒன்று என்றாள். பெட்ரோல் பங்க் வரைக்கும் வாய் ஓயவில்லை. அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. அங்கே தினமும் இப்படித்தான், கால் மணி நேரம் ஊர்ந்தால்தான் மறுகரை என்றாள் தங்கை. என்ஜின் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. பட்டாணி என் கைமேல் சாய்ந்து தூங்கியிருந்தாள்.

விளக்கு எரிந்தது. எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. மாட்டிக்கிட்டியா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஸ்கேனரைத் தட்டினேன். அதே பிழை எண். கீழே இன்னொரு வரி இருந்தது: கடைசியாக அழித்த பிறகு ஓடிய தூரம், நாற்பத்தொரு கிலோமீட்டர்.

"நான் அழிச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆகுது. இதுல நாப்பத்தொண்ணுன்னு காட்டுது" என்றேன்.

"நேத்து நான் அழிச்சேன்."

"அதுக்கு முன்னால?"

"முந்தாநாள். இந்தப் பாலத்துல எரியும். அவள இறக்கிவிட்டுட்டுப் பட்டன அமுக்கிடுவேன். நீதானே குடுத்த."

"தினமுமா?"

"லீவு நாள்ல எரியாது. அதான் சில சமயம்னு சொன்னேன்" என்றாள், கண்ணாடியில் என்னைப் பார்த்து.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு மாதமாக நான் ஒளிந்து விளையாடும் திருடனைத் தேடிக்கொண்டிருந்தேன். அவன் தினமும் காலையில் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வந்து நின்று கைதட்டிக் கூப்பிட்டிருக்கிறான். தினமும் அவனை அழித்துத் துரத்துவதற்கு நானே ஆள் வைத்திருக்கிறேன். 'சில சமயம்' என்று ஒன்று இருக்கவே இல்லை.

சரி, தினமும் நின்ற இடத்தில் எரிகிறது, அப்படியானால் எங்கே காற்று அதிகம் என்று யோசித்தேன். யோசனை நகரவில்லை. ஸ்கேனரில் இரண்டு எண்களைக் கழித்துப் பார்க்க வேண்டும், சின்னக் கணக்கு. மூன்று தடவை கழித்தேன், மூன்று விடை வந்தது. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. வயசாகிவிட்டது, தங்கை கடையிலேயே கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். நெற்றிப்பொட்டு இரண்டும் விண்விண் என்று தெறித்தன. அப்படியே கண்ணை மூடிச் சாய்ந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"உனக்கும் தலவலியா? எனக்கும் இந்தப் பாலத்துல தினமும் வரும். பின்னால இன்னும் மோசம். கடைக்குப் போய் ஒரு மணி நேரத்துல சரியாயிடும்" என்றாள் தங்கை நெற்றியைத் தேய்த்தபடி.

இந்தப் பாலத்தில் விளக்கு. இந்தப் பாலத்தில் தலைவலி. இந்தப் பாலத்தில் என் கைமேல் இந்தப் பெண்.

காற்று அதிகம் என்று அந்த எண் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அது என்ஜினுக்குள் போகும் வழியிலேயே தேடிக்கொண்டிருந்தேன். புகை வெளியேறும் குழாயில் ஓட்டை இருந்தாலும், வண்டி நின்று உறுமும்போது சென்சாருக்குக் காற்று அதிகமாகத்தான் தெரியும். காற்று உள்ளே போகிற அதே ஓட்டை வழியாகப் புகை வெளியே வரும். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவனுக்கும் தெரிந்த விஷயம் இது. எனக்குத் தெரியாமல் இல்லை. ஜன்னலைத் திறந்துகொண்டு ஓட்டியவனுக்கு அது நினைவுக்கு வரவே வழியில்லாமல் போயிற்று.

"வண்டிய நிறுத்து. எல்லாக் கதவையும் திற" என்றேன். நாக்கு தடித்து, சொல் குழறியது.

"பாலத்து நடுவுல எப்படி அண்ணா..."

கதவைத் தள்ளித் திறந்தேன். பட்டாணியைத் தூக்கினேன். தலை என் தோளில் நிற்காமல் பின்னால் தொங்கியது. கன்னத்தில் தட்டினேன். பலமாகவே தட்டினேன். இமைகூட அசையவில்லை.

"ஏன் அண்ணா அடிக்கற? தூங்கட்டும், ஸ்கூல் வர இன்னும் நேரம் இருக்கு" என்று தங்கை முன் சீட்டிலிருந்து சொன்னாள். அப்போது பிள்ளையின் கை தொங்குவதைப் பார்த்தாள். சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள்.

எனக்குக் கால் தள்ளாடியது. ஆனாலும் ஓடினேன். பின்னால் ஹாரன்கள் அலறின. பாலத்தின் முனையில் ரொட்டி வேன் ஒன்று எதிர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் டிரைவர் என் கையில் இருந்ததைப் பார்த்து, ஒரு வார்த்தையும் கேட்காமல் பக்கக் கதவைத் திறந்தார். ஏறும்போது அந்த மனுஷனிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று: "ஜன்னலத் திறங்க."

மருத்துவமனையில் அவசரப் பிரிவு டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். பிள்ளையைக் கட்டிலில் போட்டு முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்துவிட்டுத்தான் என்னிடம் திரும்பினார். "கார்ல புகை. கார்பன் மோனாக்சைடு. நான் மெக்கானிக்" என்றேன். மடமடவென்று ரத்தம் எடுத்தார்கள். எனக்கும் ஒரு மாஸ்க் மாட்டிப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. மாஸ்க்குக்குள் மூச்சுவிட்டபடி நான் அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். இடையில் ஒரு தடவை அது நின்றுவிட்டதாக நினைத்து நர்ஸைக் கத்திக் கூப்பிட்டேன். நிற்கவில்லை. எனக்குத்தான் எண்ணிக்கை தப்பியிருந்தது.

தங்கை காரைப் பாலத்திலேயே விட்டுவிட்டு, யாருடைய பைக்கிலோ ஏறி வந்து சேர்ந்தாள். அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "பாப்பாவோட ரத்தத்துல அளவு ரொம்ப அதிகம். சின்ன உடம்பு, வேகமா மூச்சு விடும், அதனால சீக்கிரம் ஏறிடும். பொழச்சுடுவா. ஆனா இது இன்னிக்கு ஒரு நாள் விஷயமா?" என்று கேட்டார்.

தங்கை என்னைப் பார்த்தாள்.

"இதுக்கு முன்னால தலவலி, வாந்தி, அதிகத் தூக்கம் இருந்துச்சா? எத்தன நாளா?"

"ரெண்டு மாசமா" என்றாள் தங்கை.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அவர் திட்டவில்லை. "ஞாபகம், படிப்பு எல்லாத்தையும் கொஞ்ச நாள் கழிச்சுச் சோதிச்சுப் பாக்கணும். இப்ப எதுவும் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸிடம், "எங்க அண்ணன்தான் கண்டுபிடிச்சாரு. அவரு மட்டும் இன்னிக்கு வரலன்னா என் பொண்ணு..." என்று சொல்லி முடிக்காமல் அழுதாள். நர்ஸ் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பேசாமல் இருந்துவிட்டால் இந்தப் பெயர் ஆயுசுக்கும் என்னோடு இருக்கும். அவளுக்குக் காரைப் பற்றி எதுவும் தெரியாது, நான் சொல்வதுதான் அவளுக்கு வேதவாக்கு. இரண்டு நிமிஷம் அந்த ஆசை எனக்கு இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

மாஸ்க்கைக் கழற்றினேன்.

"நான் கண்டுபிடிக்கல. ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே கண்டுபிடிச்சிருக்கணும். ஒரே ஒரு தடவ ஜன்னல மூடிக்கிட்டு ஓட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும். குனிஞ்சு புகைக் குழாயத் தடவியிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றேன். "அதோட, அந்தக் கோளாறு இருந்தா வண்டி தப்பாப் புரிஞ்சுக்கிட்டு இன்னும் அதிகமா பெட்ரோல் ஊத்தும். புகையில விஷம் இன்னும் கூடும். அந்த லைட்ட அழிக்கச் சொன்னது நான்."

நான் சொன்னது சரிதான். மறுநாள் வண்டியை மேலே தூக்கிப் பார்த்தபோது எல்லாம் கண்ணெதிரே இருந்தன. என்ஜினிலிருந்து இறங்கும் குழாயின் முதல் இணைப்பில், நான் போட்ட புது சென்சாருக்கு நாலு விரற்கடை மேலே, கரி படிந்த விரிசல். பின் சீட்டின் காலடியில், தரைத் தகட்டின் ரப்பர் அடைப்பான் எப்போதோ இற்று விழுந்து ஒரு துளை. பட்டாணி தினமும் புத்தகப் பை வைக்கும் இடம் அது.

மருத்துவமனையில் நான் சொல்லி முடித்ததும் தங்கை என் கையை விட்டாள். கோபமாக உதறவில்லை, மெதுவாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

"அப்ப அந்த லைட்டு தினமும் சொல்லிக்கிட்டேதான் இருந்துச்சா?"

"ஆமா."

"இவளும் சொன்னா" என்றாள் தங்கை. "பாலத்துல வண்டி நின்னா, தல வலிக்குதும்மான்னு தினமும் சொன்னா. நடிக்காதேன்னேன். நேத்து இறக்கிவிடும்போது எந்திரிக்கல. ஓங்கி ஒண்ணு வச்சேன். இந்தக் கன்னத்துலதான்."

அவள் காட்டிய கன்னம், பாலத்தில் நானும் அடித்த கன்னம். அது இன்னும் சிவந்திருந்தது. அது யார் கை என்று இரண்டு பேருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பத்தரை மணி சுமாருக்குப் பட்டாணியின் விரல்கள் அசைந்தன. டாக்டர் வந்து பெயரைக் கேட்டார், சரியாகச் சொன்னாள். அம்மா யார், மாமா யார் என்று கேட்டார், கையால் காட்டினாள். "நல்லது. இனிமே பயமில்ல. நாங்க பாத்துக்கிட்டேதான் இருப்போம், தூங்கறதுன்னா தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டேன்.

பட்டாணி எங்கள் முகங்களைப் பார்த்தாள். பெரியவர்கள் இரண்டு பேரும் தன் தலைமாட்டில் நின்று அழுவதைக் கண்டதும் அவள் முகம் மாறியது. குற்றம் செய்து பிடிபட்டவள் மாதிரி, அவசர அவசரமாக எழுந்து உட்காரப் பார்த்தாள். மாஸ்க்கைப் பிடித்து இறக்கினாள்.

"நான் தூங்கலம்மா. சும்மா கண்ண மூடிக்கிட்டு இருந்தேன். மிஸ்கிட்ட சொல்லாதே."

தங்கை சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீ தூங்கு பட்டாணி. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. டாக்டரே தூங்கச் சொல்லிட்டாங்க" என்று நான் மாஸ்க்கை மறுபடி வைத்தேன்.

அவள் நம்பவில்லை. என்னையும் அம்மாவின் முதுகையும் மாறி மாறிப் பார்த்தாள். இமைகள் தாமாகவே விழுந்தன. உடனே திடுக்கிட்டுத் திறந்தாள். மறுபடி விழுந்தன, மறுபடி திறந்தாள். எத்தனை சொல்லியும், மதியம் வரைக்கும் அவள் தூங்கவே இல்லை.